மேலேயிருந்து பார்த்த பந்தல்

“அந்தப் பொட்டி எனக்கு வேணாம்மா. தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சச் சொல்லுங்க, பாய்ச்சறேன்.”

மூட்டை தூக்கி இறக்கிவிட்டு வந்தவர் போல நின்றார் தணிகாசலம். வயது அறுபத்திரண்டு. மடத்தில் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது.

குரு ஞானாம்பா அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“என்ன ஆச்சு அய்யா?”

ஒரு பக்தர் தன் வீட்டில் பழசாகிப்போன கம்ப்யூட்டரை மடத்துக்குக் கொடுத்திருந்தார். வானத்திலிருந்து எடுத்த பூமிப் படத்தை அதில் பார்க்கலாம். குருபூஜைக்கு வருகிறவர்களுக்கு மடத்துக்கு வழி காட்டும் படம் ஒன்று வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளும் வேலை தணிகாசலத்தின் தலையில் விழுந்தது.

மூன்று நாள் படாத பாடு பட்டார் மனிதர்.

முதல் நாள் அந்த மென்பொருளை இறக்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டாம் நாள் மவுசை லேசாக இழுத்தாலே பூமி பம்பரமாகச் சுற்றி, நடுக்கடலில் கொண்டுபோய் விட்டது. சக்கரத்தை முன்னால் உருட்டினால் தரை கிட்டே வரும், பின்னால் உருட்டினால் தள்ளிப் போகும் என்று பிடிபட்டது மூன்றாம் நாள்தான்.

“மடத்தைக் கண்டுபிடிச்சீங்களா?”

“இல்லம்மா.”

“பின்னே?”

“எங்க ஊரைத் தேடினேன்.”

கழுதை கெட்டால் குட்டிச்சுவர். இந்தப் படத்தைத் திறக்கிற எவரும் முதலில் தேடுவது தன் வீட்டுக் கூரையைத்தான். காவி கட்டினால் மட்டும் மாறிவிடுமா என்ன?

அம்மா கோபப்படவில்லை.

“வீடு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. வாசல்ல பந்தல் போட்டிருக்கு.”

கீரை ஆய்ந்த கை நின்றது.

“தெருவையே அடைச்சுப் போட்டிருக்கும்மா. கீத்துப் பந்தல். படம் எடுத்த தேதி கீழேயே இருக்கு. ரெண்டு வருஷம் ஆச்சு.”

அவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவிக்கு அப்போதே மூச்சிரைப்பு. அதன் பிறகு ஒரு கடுதாசி கிடையாது, ஒரு போன் கிடையாது.

“மக கல்யாணத்துக்குப் போட்டதா, எம் பொஞ்சாதி செத்ததுக்குப் போட்டதா, தெரியலம்மா. வாசல்ல வாழை மரம் கட்டியிருக்கான்னு பார்த்தேன். கிட்டப் போகப் போக எல்லாம் கலங்கிப் போவுது.”

அம்மா மறுபடி கீரையைக் கையில் எடுத்தார்.

“எதையும் மேலே நின்னு பாருங்க, ஒட்டாமப் பாருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? பார்த்தேன். மேலேருந்து பார்த்தா எல்லாப் பந்தலும் ஒண்ணாத்தான் இருக்கு. ஓய்ஞ்சு போயிட்டேம்மா.”

அம்மாவுக்கும் அலுப்பாக இருந்தது. தான் சொன்ன வார்த்தையே இப்படி எதிரில் வந்து நின்று அழுதால் எந்தக் குருவுக்கும் அலுப்பு வரத்தான் செய்யும்.

“இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க ஏதாச்சும் வழி இருக்குங்களா?”

“இருக்கு.”

அம்மா முறத்தை ஒதுக்கிவிட்டு எழுந்தார். பக்கத்து அறைக்குப் போனார். தணிகாசலம் ஆசையோடு பின்னாலேயே போனார். தனக்குத் தெரியாத பட்டன் எதையாவது அம்மா காட்டப்போகிறார் என்று நினைத்தார்.

அம்மா கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார்.

“ரெண்டரை மணிக்கு அடிவாரத்துல பஸ் இருக்கு.”

தணிகாசலம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அது சாவுப் பந்தலா இருந்தா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டும்மா அந்த வாசப்படி ஏறுவேன்?”

“கல்யாணப் பந்தலா இருந்தா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஏறுவீங்க?”