குட்டையின் வடக்கு மூலை

இறைகூடை தண்ணீரை அள்ளும்போது ஒரு முனகல், வாய்க்காலில் கொட்டும்போது ஒரு பெருமூச்சு. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இருவர் எதிரெதிரே நின்று கயிறு பிடித்தால்தான் கூடை எழும்பும். ஒரு பக்கம் சிலம்பாசான் இசக்கிமுத்து. மறுபக்கம் உலகம்மாள். வாய்க்காலில் மடை திருப்பியது நான்.

ஆசான் அவளைவிட இளையவர். இடுப்பில் தூக்கித் திரிந்த பையனின் காலைத் தொட்டுக் கம்பு வாங்குகிறாள் என்று ஊர் கேலி செய்யும். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை ஆசானே என்பாள்.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு சிலம்பக் களத்துக்குத் திரும்பியிருந்தாள். கோயில் கொடைத் திருவிழாவில் அவள்தான் கம்பு சுற்ற வேண்டும் என்று ஆசான் சொல்லிவிட்டார். அவளுக்கு முன்னால் அவள் வயிறு வந்து கும்பிடு போடும் என்று யாரோ சொன்னது அவளுக்குத் தைத்துவிட்டது.

கம்பைத் தொடுவதை விட்டாள். மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். ஈரத்துணி சுற்றி, அதன்மேல் கச்சையை இறுக்கிக் கட்டியபடியே தூங்கினாள். வயிறு உள்ளே கல்லாய் இறுகியது. மேலே இருந்த சதை அப்படியே இருந்தது. அது கரையாவிட்டால் கொடைக்கு வரமாட்டேன் என்று ஆசானிடம் சொன்னாள்.

ஆசான் அவளைக் குட்டைக்கு அழைத்துப் போனார். தூர் வாருவதற்காக அதை வற்ற வைக்க வேண்டியிருந்தது.

"வடக்கு மூலை மட்டும் வத்தணும்க்கா. மத்ததெல்லாம் கிடக்கட்டும்."

தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தாள். ஆனாலும் கயிற்றைப் பிடித்தாள்.

மதியத்துக்குள் நான்கு கரையிலும் ஈரக்கோடு ஒரே அளவு இறங்கியிருந்தது.

"எல்லாப் பக்கமும்லா இறங்குது."

"நாம வடக்குலதானக்கா இறைச்சோம்."

அவள் மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும். நாளாக ஆக அவள் கன்னம் ஒட்டியது. தெற்கே தரை தெரிந்தது. நாங்கள் நின்ற மூலையில் இன்னும் முழங்கால் தண்ணீர்.

அன்று அவள் கயிற்றை விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தாள்.

"முகம் வத்திப்போச்சு ஆசானே. வளையல் கழலுது. இது மட்டும் அப்படியே கிடக்கு."

ஆசானும் உட்கார்ந்தார்.

"முதல்ல எங்கக்கா தரை தெரிஞ்சுது?"

"மாடு இறங்குற பக்கம். அது மேடு."

"இந்த மூலை?"

"பள்ளம்லா."

ஆசான் தண்ணீரிலிருந்து அவள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பிள்ளைய வச்சிருந்த இடம்க்கா அது. கடைசியாத்தான் விடும். அதைப் போய் வையலாமா?"

உலகம்மாள் கச்சையை அவிழ்த்தாள். உள்ளிருந்த ஈரத்துணியை உருவிக் கரையில் போட்டாள். தூங்கும் பிள்ளையைத் தொடுவதுபோல வயிற்றின் மேல் கையை வைத்தாள். பிறகு கயிற்றை எடுத்தாள்.

அந்தக் கொடையில் அவள் அதே வயிற்றோடு களம் இறங்கினாள். அது எப்போது குறைந்தது என்று பிற்பாடு யார் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.