இருநூற்றுப் பதினேழாவது பிள்ளை

இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பத்து மூன்று, சீடருக்கு அறுபது. யாரும் சண்டைக்கு வர வேண்டாம், அப்படித்தான் நடந்தது.

குரு சுகந்தி நிலநடுக்கங்களை ஆராய்பவர். மலையடிவாரத்தில் நாலு அறை ஆய்வு நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். சீடர் மாசிலாமணி ஒரு காலத்தில் கட்டட இன்ஜினியர். வடக்கே வேலை பார்த்த ஊரில், ஒருநாள் மகளை அழைத்துப்போகப் பள்ளிக்கூட கேட்டில் நின்றிருந்தார். மணியடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பூமி குலுங்கியது. கட்டடம் அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டது. தேன்மொழி, மூன்றாம் வகுப்பு. ஒரே பிள்ளை.

நாலு வருஷம் எங்கெங்கோ அலைந்துவிட்டு, "இந்தப் படிப்பை எனக்குச் சொல்லித் தாங்க மேடம்" என்று சுகந்தியிடம் வந்து நின்றார். அது ஆகிப் பதினொரு வருஷம்.

இருவரும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அடுத்த முப்பது வருஷத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் பெரிய நிலநடுக்கம் வர மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. எந்த நாள் என்று மட்டும் சொல்லவில்லை. அதை யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கணக்கை நம்பி அரசாங்கம் பத்தொன்பது பள்ளிக்கூடங்களுக்கு, ஆடினாலும் விழாதபடி, குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி கட்டிக் கொடுத்தது. ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஒரு டம்ளர்கூட ஆடவில்லை.

அப்போதுதான் நிரப்பி அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து ஒரு பாரம் வந்தது. 'உங்கள் ஆராய்ச்சியால் விளைந்த பயன் என்ன? சான்றுடன் குறிப்பிடவும்.' மாசிலாமணி மூன்று நாளாக அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஐயா, இன்னும் அனுப்பலையா?"

"என்னத்த எழுதறது மேடம்? ஒண்ணுமே நடக்கலையே."

"நல்லதுதானே."

"நல்லதுதான்." பேனாவை மூடினார். "ஒண்ணு சொன்னா திட்டுவீங்க."

"திட்டறேன். சொல்லுங்க."

"ஒரே ஒரு தடவை வரணும் மேடம். பிள்ளைங்க உள்ள இருக்கும்போது வரணும். கட்டடம் ஆடணும், ஆனா விழாம நிக்கணும். அதை என் கண்ணால பார்க்கணும். ஒரு கூரையாவது நின்னுச்சுன்னு பார்த்துட்டா எனக்குப் போதும்."

சொல்லி முடித்ததும் அவருக்கே பயமாகிவிட்டது. "சீ, என்ன பேச்சு இது! பாவி மாதிரிப் பேசறேன்."

சுகந்தி திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால்.

"பாரத்தையும் எடுத்துக்குங்க. ஒரு இடத்துக்குப் போயிட்டு வரலாம்."

ஜீப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நின்றது. ஹெட்மாஸ்டர் ஞானதுரை கேட்டிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க. உங்க கம்பியால ஒரு ஜன்னலைச் சாத்த முடியல. மழை பெஞ்சா பாதி வகுப்பு நனையுது. ஏழு வருஷமா வரும் வருங்கறீங்க. ஐஸ் வண்டிக்காரன்கூடச் சொன்ன நேரத்துக்கு வந்துடறான்!"

"வரலைன்னு கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் சுகந்தி. "இன்னைக்கு எத்தனை பேர் வந்திருக்காங்க?"

"இருநூத்திப் பதினேழு. ரெண்டு பேர் அம்மை போட்டு வரலை." சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போனார்.

மாசிலாமணி கேட்டுக்கு வெளியே, ஓரமாக நின்றார். எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அவர் உள்ளே போவதில்லை.

நாலு மணிக்கு மணி அடித்தது.

பிள்ளைகள் கொட்டிய நெல்லிக்காய் மாதிரி சிதறி ஓடி வந்தார்கள். இரண்டு பையன்கள் குறுக்குக் கம்பியில் தொங்கி ஒரு ஆட்டம் போட்டுவிட்டு, டீச்சர் குரல் கேட்டதும் குதித்து ஓடினார்கள். ஒருத்தி செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். மாசிலாமணியின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

மெல்லக் கூட்டம் கரைந்தது. ஆயாம்மா கேட்டைச் சாத்த வந்தார்.

"சாத்தாதீங்கம்மா!" மாசிலாமணி கத்திவிட்டார். "மேடம், இன்னும் ஒண்ணு உள்ள இருக்கு. இருநூத்திப் பதினாறுதான் வந்திருக்கு."

கேட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். சுகந்தி பக்கத்தில் வந்து நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிறுமி, வகுப்பில் மறந்து வைத்துத் தேடி எடுத்த டிபன் டப்பாவை ஆட்டிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தாள். "என்ன தாத்தா, வழியை விடுங்க" என்று அவர் வயிற்றில் ஒரு இடி இடித்துவிட்டுப் போனாள்.

மாசிலாமணி அவள் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஐயா, அன்னைக்கு கேட்ல எதுக்காக நின்னீங்க? கட்டடம் நிக்குதான்னு பார்க்கவா?"

மாசிலாமணி கேட்டிலிருந்து கையை எடுத்தார். "என் தேனு வருவாளேன்னு நின்னேன்."

"அப்ப பாரத்தை எடுங்க. நாலு மணிக்கு இருநூத்திப் பதினேழு பேரும் வீட்டுக்குப் போனாங்கன்னு எழுதுங்க."

"இது நம்மால நடந்ததில்லையே மேடம்."

"நம்மால இல்லதான் ஐயா. ஆனா நாம வேண்டினது இதைத்தானே?"