மரகதவல்லியைத் திருப்பி விட்ட கதை

கோணலூரில் இ-சேவை மையம் நடத்தியவர்கள் மூன்று பேர்: ஏகாம்பரம், குப்பண்ணன், சடையாண்டி. மூவரும் தங்கமானவர்கள். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். ஊருக்கு வந்த கஷ்டமே அதுதான்.

அன்று காலையிலிருந்தே மரகதவல்லி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் தேன்மொழிக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. நாலு மணிக்குள் இருப்பிடச் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. மகள் காலேஜிலேயே காத்திருந்தாள். மரகதவல்லி வீட்டில் உட்கார்ந்து, மையத்தின் இணையதளத்தில் மகள் பெயருக்கு விண்ணப்பம் நிரப்பி 'அனுப்பு' என்பதை அமுக்கினாள். செல்போன் வெள்ளைவெளேரென்று ஆகி, அப்படியே நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

"ஐயோ, போச்சா போகலையா தெரியலையே!" என்று மையத்துக்கு ஓடினாள்.

அங்கே ஏகாம்பரம், இணையதளம் செய்துகொடுத்தவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"விண்ணப்பம் போட்டவங்க எல்லாம் நடுவுல நிக்கிறாங்க அண்ணே. நம்ம வேலை முடிஞ்சதும், அவங்க எங்கிருந்து வந்தாங்களோ அங்கேயே கொண்டுபோய் விட்டுடணும்" என்றார் இணையதளக்காரர். அவர் சொன்னது, விண்ணப்பம் போனதும் செல்போன் திரையைப் பழைய பக்கத்துக்கே திருப்பி விட வேண்டும் என்பதை. ஏகாம்பரத்துக்கோ கண் கலங்கிவிட்டது.

"இத்தனை நாளா சனங்களை நடுவுல நிக்க விட்டுட்டோமேடா!"

மரகதவல்லி உள்ளே நுழைந்தாள். சான்றிதழ் பிரிண்டரில் பாதி வந்திருந்தது.

"வேலை முடிஞ்சுது அக்கா. எங்கிருந்து வந்தீங்க?"

"வீட்டுலருந்துதான். ஏன்?"

அடுத்த நிமிஷம் அவள் ஆட்டோவில் இருந்தாள். வீட்டில் அவளை இறக்கி, விண்ணப்பம் போடும்போது அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள்.

"காலை மடக்கி உட்கார்ந்திருந்தீங்களா, நீட்டியா?" என்று குப்பண்ணன் அக்கறையாகக் கேட்டான்.

சான்றிதழ் மையத்திலேயே கிடந்தது. அவர்கள் பின்னாலேயே மரகதவல்லி மூச்சு வாங்க ஓடி வந்தாள். சான்றிதழில் கை வைப்பதற்குள் மறுபடியும் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்றாம் தடவை கொஞ்சம் சாமர்த்தியமாக, "இந்த வாசல்லருந்து வந்தேன்" என்றாள். வாசலில் கொண்டுபோய் விட்டார்கள். உள்ளே வந்தாள். விட்டார்கள். வந்தாள். ஏழு தடவை.

"அண்ணே, இவங்க வந்துக்கிட்டே இருக்காங்களே."

"வரட்டும். நாம விட்டுக்கிட்டே இருப்போம்."

"வாசலை எடுத்துட்டா?" என்றான் சடையாண்டி. யோசனை நன்றாக இருந்ததால் கதவைக் கழற்ற ஸ்பேனர் தேடினார்கள்.

மணி மூன்றரை. மரகதவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று மூளையில் ஒரு பொறி தட்டியது.

"தம்பிகளா, நான் நர்சிங் காலேஜிலருந்து வந்தேன். வரும்போது கையில அந்தச் சான்றிதழும் இருந்துச்சு."

ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "இதை முதல்லயே சொல்லக் கூடாதாக்கா? எவ்வளவு டீசல் வீண்!"

சான்றிதழைக் கையில் திணித்து ஆட்டோவில் ஏற்றி, தாங்களும் தொற்றிக்கொண்டார்கள். ஆட்டோ பறந்தது. நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது காலேஜ் கிளார்க் தாளை வாங்கி முத்திரை குத்தினார். தேன்மொழிக்கு இடம் உறுதி. மரகதவல்லி அங்கிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

ஆனால் குப்பண்ணன் சான்றிதழை எட்டிப் பார்த்துவிட்டு ஏகாம்பரத்தின் காதைக் கடித்தான். "அண்ணே, விண்ணப்பம் இந்தப் பொண்ணு பேர்ல இருக்கு. நாம ஆளை மாத்தி விட்டுக்கிட்டிருக்கோம்."

ஏகாம்பரம் அவசரமாகத் தேன்மொழி பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ எங்கிருந்து வந்தே?"

"வீட்டுலருந்து."

"அதுக்கு முன்னால?"

தேன்மொழி விழித்தாள். மரகதவல்லிக்குப் பொறுமை போய்விட்டது. "அதுக்கு முன்னால என் வயித்துக்குள்ளருந்து வந்தா! போதுமா?"

மூவரும் அவள் வயிற்றைப் பார்த்தார்கள். ஐந்தரை அடி தேன்மொழியை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"மடிச்சாலும் கஷ்டம்தான்" என்றான் சடையாண்டி.

"நம்மளால ஆகாது" என்று ஏகாம்பரம் பெருமூச்சு விட்டார். "ஆட்டோவை எடு. பிரசவ ஆஸ்பத்திரியில இதுக்குன்னு டாக்டர் இருப்பாங்க."