காட்டுப்பூவரசு வாங்கிய கனல்

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாயும் இருந்தது, காலும் இருந்தது. மலைச்சரிவு முழுக்க மரங்களே நெருக்கியடித்து நின்றன. உச்சி மேட்டில் மட்டும்தான் புல். பிடிக்காத இடத்தை விட்டு எழுந்து, பிடித்த இடத்தில் போய் நிற்கலாம் என்றாலும், பெரும்பாலான மரங்கள் நின்ற இடத்திலேயேதான் நின்றன. நகர முடிந்தவர்கள் எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்களா என்ன?

காடு முடிந்து புல் தொடங்கும் மேல் விளிம்பில் காட்டுப்பூவரசு நின்றது. அப்போது அதற்கு நேரான உடம்பு, மெல்லிய பட்டை, வெள்ளைப் பூ. கூட்டம் என்றால் அதற்கு உயிர். பக்கத்தில் நின்ற நாவல் மரத்தோடு கிளை உரசியபடி ஊர்க்கதை பேசாவிட்டால் அதற்குப் பொழுது சாயாது.

அந்த மலையில் எருமை மேய்த்தவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாசியில் மரங்கள் கொழுந்து விட்டதும், குளிர் போய்விட்டது என்று வீட்டுக் கணப்பை அணைத்து, சாம்பலைத் தோட்டத்தில் தூவிவிட்டு, எருமைகளை உச்சிக்கு ஓட்டிவிடுவார்கள். அணைத்த கணப்பை அடுத்த குளிர்வரை மூட்டக் கூடாது. மூட்டினால் வெயிலுக்கு மனம் கோணுமாம்.

அந்த வருஷம் குளிருக்கு இங்கே வந்து தங்கிவிட்டு வடக்கே ஊர் திரும்பப் புறப்பட்ட வாலாட்டிக் குருவி, பாதி வழியில் அலறிக்கொண்டு திரும்பி வந்தது.

"வடக்க ஒரு புயல் கெளம்பியிருக்கு! ஒரு நாட்டுல பனி பஞ்சு பஞ்சாக் கொட்டுது. அடுத்த நாட்டுல மழையும் பனியுமாக் கலந்து அடிக்குது. அதுக்கும் இந்தப் பக்கம் ஆறே கல்லா உறைஞ்சு கெடக்கு. இங்கதான் வருது!"

"கொழுந்து வந்த பிறகு பனியா? போ போ" என்றது நாவல். மனிதர்களும் சிரித்தார்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லித் திரிந்தவர்களும் அவர்கள்தான். பழமொழி சொல்வது வேறு, நம்புவது வேறு.

ஒரு நண்பகலில் வானம் வெளுத்து இறங்கியது. முதலில் ஊசி ஊசியாக மழை, பிறகு ஆலங்கட்டி, பிறகு காற்றோடு கண்ணை மறைக்கும் பனி. கொழுந்துகள் அப்படியே கருகின. உச்சியில் இருந்த பெள்ளன் என்பவனும் மற்ற மேய்ப்பர்களும் எருமைகளோடு அங்கேயே அகப்பட்டுக்கொண்டார்கள். எங்கே பாதை, எங்கே பள்ளம் என்று தெரியாத வெள்ளை. தப்பான பக்கம் கால் வைத்தால் கிடுகிடு பாதாளம்.

பெள்ளனின் மனைவி மாதி, கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு காட்டு விளிம்புக்கு ஏறி வந்தாள். கையில் கனல் சட்டி. பிள்ளை பெற்ற வீட்டில் நெருப்பு அணையக் கூடாது என்பதால், ஊரிலேயே அவள் வீட்டில் மட்டும்தான் கணப்பு அணையாமல் இருந்தது. கத்திப் பார்த்தாள். காற்று குரலைத் தின்றுவிட்டது.

"நாவல் மாமா, இதை உங்க கிளையில வச்சுக்கங்க. தரையில வச்சா பனி தின்னுடும். ஒசரத்துல வச்சாத்தான் அவங்க கண்ணுக்குத் தெரியும்."

"என்ன தாயி, மரத்துக்கிட்ட வந்து நெருப்பைப் பிடின்னு சொல்றியே!" என்று நாவல் பின்வாங்கியது. அவள் ஒவ்வொரு மரமாகக் கேட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொன்றும் முகத்தைத் திருப்பியது. அவற்றைக் குறை சொல்லவும் முடியாது.

கடைசியில் காட்டுப்பூவரசின் முன்னால் வந்து நின்றாள். "அண்ணா..." என்றாள். கனல் சட்டியை இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டினாள்.

"தம்பி, யோசிச்சுக்க" என்றது நாவல். "நெருப்பை ஏந்தின மரம் அப்புறம் எங்க பக்கத்துல நிக்க முடியாது. குஞ்சு குளுவானோட இருக்கோம்."

காட்டுப்பூவரசு குழந்தையைப் பார்த்தது. "பிள்ளை பேரென்ன?"

"அவங்கப்பன் வந்துதான் வைக்கணும்" என்றாள் மாதி.

காட்டுப்பூவரசு கிளையைத் தாழ்த்தி, "வை" என்றது.

கவட்டில் கனல் சட்டி உட்கார்ந்தது. மாதி சுள்ளி போடப் போட, காற்று ஊத ஊத, செக்கச்செவேலென்று எரிந்தது. பட்டை வெடித்தது. வலி தாங்காமல் உடம்பு முறுக்கிக்கொண்டது, இலைகள் சுருண்டு தொங்கின. ஆனால் கிளையை மட்டும் அது இறக்கவில்லை.

அந்தச் சிவப்பை முதலில் பார்த்தது ஒரு கிழ எருமை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பெள்ளன் வந்தான். அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள். எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். பெள்ளன் பனியை அள்ளி அள்ளி அப்பி நெருப்பை அணைத்தான். கரிந்த தண்டைத் தடவினான்.

புயல் ஓய்ந்ததும் காட்டுப்பூவரசு திரும்பிப் பார்த்தது. சரிவில் ஒரு மரம்கூட இல்லை. நெருப்புக்குப் பயந்து அத்தனையும் எழுந்து, கீழே பள்ளங்களுக்குள் போய் அடைந்திருந்தன. அது நொண்டி நொண்டி இறங்கிப் போனது.

"இடமில்லையே தம்பி" என்றது நாவல். "உன் மேல இன்னும் புகை நாத்தம் போகலை. சின்னதுங்க பயப்படுது."

காட்டுப்பூவரசு வாதாடவில்லை. செய்தது தப்பு என்று அதற்குத் தோன்றவும் இல்லை, துக்கம் ஆறவும் இல்லை. மெல்ல மேலேறி, வெறிச்சோடிய சரிவின் நடுவே வேரை ஊன்றிக்கொண்டது. அதைச் சுற்றிப் புல் முளைத்தது. அதன் பிறகு எந்த மரமும் நடக்கவும் இல்லை, பேசவும் இல்லை.

அன்று முதல்தான் சோலை மரங்கள் பள்ளத்துக்குள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்க, காட்டுப்பூவரசு மட்டும் தடித்த பட்டையும் முறுக்கிய உடம்புமாக வெட்டவெளிப் புல்லில் தனியாக நிற்கிறது. பனிக்காலம் போய்விட்டது என்று யாரும் நம்பிவிடும் முன்னே, மேலே யாராவது வழி தவறி நின்றால் தெரியட்டும் என்று செக்கச்செவேலெனப் பூக்கிறது.