பூசணிக்காய் சுமந்த மன்னர்

முன்னொரு காலத்தில், ஆற்றோரமாகக் கோட்டை கட்டி ஆண்டுவந்த வீரகேது மன்னருக்குத் திடீரென்று பழைய ஞாபகம் வந்துவிட்டது. மன்னர்களுக்குக் கோபம் வந்தால்கூட நாடு தாங்கும். ஞாபகம் வந்தால் தாங்குவது கடினம்.

அவர் இளவரசராக இருந்த நாளில் கோட்டைக்கு வெளியே மருத மரங்களின் கீழே ஒரு சந்தை கூடும். பாடம் சொல்லும் பண்டிதர் கண்ணயர்ந்தால் போதும், இளவரசரும் அவருடைய தோழன் ஆவுடையானும் அங்கே ஓடிவிடுவார்கள். வெல்லப்பாகு மணக்கும். கூடைக்குள் கோழிகள் சண்டையிடும். நாவற்பழம் தின்று நாக்கை நீலமாக்கிக்கொண்டு இருவரும் திரும்புவார்கள். பிறகு ஒரு பெருவெள்ளம் வந்தது. மரங்களோடு சந்தையையும் வாரிக்கொண்டு போயிற்று. வியாபாரிகள் கரைச் சேற்றில் ஆளுக்கொரு மூலையாகச் சிதறினார்கள். இளவரசர் மன்னரானார், ஆவுடையான் அரண்மனை விகடகவியானான்.

"அந்தச் சந்தை எனக்கு மீண்டும் வேண்டும்" என்றார் மன்னர். பிரதானி மாதவராயர் நூறு தூண் மண்டபம் ஒன்றை எழுப்பினார். தூணுக்குத் தூண் யாளி, பதினோரு படிகள், முகம் பார்க்கக்கூடிய தரை. மூன்று மாதமாகியும் அதில் ஒரு கீரைக்கட்டுகூட விற்கவில்லை.

"திமிர், மன்னா. கரைக் கடைகளைப் படையை அனுப்பி அகற்றினால் தானாக வருவார்கள்" என்றார் மாதவராயர்.

ஆவுடையான் குறுக்கே வந்தான். சேற்றிலே உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்குச் சோறு போடும் இடம் அதுதானே! "மன்னா, வர மாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. மண்டபம் அவர்களை வா என்று கூப்பிடவில்லை" என்றான்.

மன்னருக்குச் சுருக்கென்றது. "அப்படியா? ஏழு நாள் தருகிறேன். என் மண்டபத்தைக் கூப்பிட வை!"

மாதவராயர் இதற்காகவே காத்திருந்தவர். "நல்ல ஆணை. ஆனால் விகடகவி நயமாகப் பேசி ஆள் சேர்த்துவிடுவார். ஏழு நாளும் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மண்டபத்தின் ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது. தோற்றால் கரைக் கடைகளோடு அவரும் ஊரைவிட்டுப் போகட்டும்."

"ஆகட்டும்" என்றார் மன்னர். ஆவுடையான் அந்தக் கணமே வாயைப் பொத்திக்கொண்டு வணங்கினான்.

பேசக் கூடாது என்றார்களே தவிர, கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவன் நேராக ஆற்றங்கரைக்குப் போய், பூசணிக்காய் விற்கும் சடைச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னய்யா, பல்வலியா? ஓயாம பேசுற வாயாச்சே" என்றாள் சடைச்சி. அவன் தலையாட்டினான். பேசாதவனிடம் ஊர் எல்லாவற்றையும் பேசும். இரண்டு நாள் அவள் பேச, அவன் கேட்டான். மூன்றாம் நாள் அவளுடைய கூடையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தான்.

அப்போதுதான் புரிந்தது. தலையில் சுமை இருந்தால் குனிய முடியாது. படி கண்ணுக்கே தெரியவில்லை. தட்டுத்தடுமாறி ஏறினால், ஈரக்கால் தரையில் வழுக்கியது. உள்ளே போய்ச் சேர்ந்தாலோ, கூடையை இறக்கி வைக்க நெஞ்சுயரத்தில் ஒரு மேடை இல்லை. கழுத்து நடுங்க நின்றபோது அவனுக்கு மருதமரத்துச் சந்தையின் நடுவே நின்ற சுமைதாங்கிக் கல் நினைவுக்கு வந்தது. எத்தனையோ நாள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து காலாட்டியிருக்கிறான். அது எதற்காக நின்றது என்று இன்றுதான் அவன் கழுத்துக்குத் தெரிந்தது. கண் கலங்கியது.

மறுநாள் மண்டபத்துக்குள் மூங்கிலால் ஒரு பரண் கட்டினான். "இது என்ன, ஆடு கட்டவா?" என்று கரைப் பெண்கள் சிரித்தார்கள், இடுப்பளவுதான் இருந்தது. அவிழ்த்து உயர்த்தினான். இப்போது குட்டையானவர்களுக்கு எட்டவில்லை. மறுபடி அவிழ்த்து நெஞ்சளவில் நிறுத்தினான். படிகளின் ஒரு பாதியில் வண்டல் மண்ணைக் கொட்டிச் சரிவாக்கினான். முதல் சரிவில் அவனே சறுக்கி விழுந்தான். சடைச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "உமியக் கலந்து மிதிய்யா!" என்றாள். கலந்தான், கால் பிடித்தது. தரையெங்கும் கோரைப்பாய் விரித்தான்.

ஏழாம் நாள் காலை மாதவராயர் மன்னரை அழைத்துவந்து, "பாருங்கள், சிற்பப் படிகளில் சேற்றைக் கொட்டியிருக்கிறார்!" என்றார். மன்னரின் முகம் சிவந்தது. ஆவுடையான் பூசணிக்காய்க் கூடையை இரு கைகளாலும் ஏந்தி, மன்னர் முன் மண்டியிட்டான்.

"நீங்களும் ஒருதடவ சுமந்து பாருங்க, சாமி" என்றாள் அவன் பின்னால் ஒதுங்கி நின்ற சடைச்சி.

மன்னர் அவளைப் பார்த்தார். ஆவுடையானைப் பார்த்தார். கிரீடத்தைக் கழற்றிக் காவலனிடம் கொடுத்தார்.

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வெறும் படியில் ஏறினார். இரண்டாவது படியிலேயே கால் தடுக்க, நான்கு பேர் தாங்கினார்கள். மண் சரிவில் ஏறினார், தடையில்லாமல் போனார். பரணில் கூடையைச் சாய்த்துத் தள்ளியதும் அவர் வாயிலிருந்து, "அப்பாடா!" என்று பெருமூச்சு வந்தது.

அவருக்குப் பின்னாலேயே சடைச்சி ஏறினாள். கீரைக்காரி, மோர்க்காரி, சட்டி விற்பவர் என்று கரையே எழுந்து வந்தது. ஆளுக்கொரு "அப்பாடா!"

"ஆவுடையா, தவணை முடிந்தது. பேசு" என்றார் மன்னர்.

"நான் என்ன பேச, மன்னா? 'வா, இறக்கி வை' என்று மண்டபமே கூப்பிடுகிறதே."

"படியின் கற்கள்?" என்று சீறினார் மாதவராயர்.

"ஒன்றையும் அசைக்கவில்லை, பிரதானியாரே. போர்த்திப் படுக்க வைத்திருக்கிறேன்."

மன்னர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சுமைதாங்கியைக் கல்லிலேயே நடுங்கள். இனி நாட்டில் எதைக் கட்டினாலும் அதன் வரைபடத்தைப் பிரதானியே தலையில் சுமந்து வந்து காட்டட்டும்."

"ஓலை கனக்காது, மன்னா" என்றான் ஆவுடையான். "மேலே ஒரு பூசணிக்காயும் இருக்கட்டும்."

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆவுடையானுக்குப் போட்டுவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பண்டிதருக்குத் தெரியாமல் ஓடிவந்த பிள்ளையைப் போலக் கூட்டத்துக்குள் நுழைந்தார்.