சந்தனத்துல மாட்டிக்கிட்ட கண்ணாடித் தட்டு

ஒரு ஊர்ல ஒரு கண்ணாடித் தட்டு இருந்துச்சாம். தோசைக்கல்லு அளவுக்கு வட்டமா, வழுவழுன்னு இருக்கும். அது குடியிருந்த வீடு ஒரு மைக்ரோவேவ் ஓவன். ஸ்விட்சைப் போட்டா உள்ள மஞ்சளா லைட்டு எரியும். "ம்ம்ம்"னு ஒரு சத்தம் வரும். தட்டு மெதுவா, மெதுவா சுத்தும். நீயும் பெரியம்மாவுக்கு அதே மாதிரி "ம்" கொட்டணும், என்ன?

ம்.

அப்படித்தான் தங்கம். அந்தத் தட்டைப் பார்த்துக்கிட்டே தூங்குற ஒரு அம்மா இருந்தாங்க. பேரு ஆவுடையம்மாள். ஆடி மாசம் குளிக்கிற இடத்துல தொபுக்கடீர்னு வழுக்கி விழுந்துட்டாங்க. காலு உடைஞ்சு, கட்டுப் போட்டு, அப்புறம் கட்டையும் பிரிச்சாச்சு. டாக்டர் "இனிமே நடங்கம்மா"ன்னுட்டாரு. ஆனா காலு சரின்னாலும் மனசு சரிங்கணுமே! எழுந்து நிக்கணும்னு நெனச்சாலே தரை வழுக்குற மாதிரி பயம். கண்ணை மூடினாலும் அதே பயம். பாவம், தூக்கமே கிடையாது.

கூடத்துல அவங்க கட்டிலு, அதுக்கு நேர் எதிரே அடுப்படி. சாயங்காலம் விளக்கு வச்சதும் வீட்டுக்காரர் பிச்சாண்டி ஒரு பீங்கான் கப்புல பாலை ஊத்தி ஓவன்ல வைப்பாரு. கப்பு சுத்தும். படுத்தபடியே ஆவுடையம்மா அதைப் பார்ப்பாங்க. கப்போட காது இந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் போகும், மறுபடி இந்தப் பக்கம் வரும். பயமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிப் போயிரும். பாலைக் குடிச்சிட்டு அப்படியே கண்ணு சொக்கிரும்.

ம்.

இந்தப் பிச்சாண்டி இருக்காரே, தபாலாபீஸ்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரு. பார்சலுக்கு அரக்கு சீல் வைக்கச் சொன்னா, ஒரு சொட்டு போதும்ங்கிற இடத்துல ஒரு கரண்டி ஊத்துவாராம். பார்சல் வாங்கினவன் அருவாமணையைத் தேடணும்! கெட்ட மனுஷன் இல்ல. ஆசை அதிகம், அளவு தெரியாது. அவ்வளவுதான்.

அப்போ ஆயுத பூஜை வந்துச்சு. மிக்ஸி, கிரைண்டர், சைக்கிள், கத்தரிக்கோலு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சாரு. "இந்த ஓவனுக்குக் கொஞ்சம் நல்லா வைங்க, என்னைத் தூங்க வைக்கிற சாமி"ன்னாங்க ஆவுடையம்மா. நல்லான்னு சொல்லிட்டாங்கல்ல? விடுவாரா! பூஜை போட்ட சாமானைத் தொடக்கூடாதுன்னு அன்னைக்கு ஓவனுக்கு லீவு. ஒரு நாள்தானேன்னு ஆவுடையம்மாவும் தூங்காம பொறுத்துக்கிட்டாங்க.

மறுநாள் சாயங்காலம் பாலை வச்சாரு. லைட்டு எரியுது. "ம்ம்ம்"னு சத்தமும் வருது. தட்டு மட்டும் சுத்தல. கப்போட காது நின்ன இடத்துலயே நிக்குது.

"ஏங்க, சுத்தலையேங்க."

"இரு ஆவுடை, இப்போ பாரு."

முதல்ல தட்டை எடுத்தாரு. சரியா உக்காரலையோன்னு புளி போட்டுத் தேய்ச்சு, துடைச்சு, திரும்பி வச்சாரு. தட்டு பளபளங்குது. சுத்தல. அன்னைக்கு ராத்திரி அந்தம்மா தூங்கல. அவங்க தூங்காம இவருக்கு மட்டும் தூக்கம் வருமா? பக்கத்துல நாற்காலியைப் போட்டு, கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு.

ரெண்டாம் நாள், தட்டுக்கு அடியில ஒரு வளையம் இருக்கும்ல, மூணு குட்டிச் சக்கரம் வச்சது, அதை எடுத்தாரு. சக்கரத்துல பால் ஆடை காஞ்சு ஒட்டியிருந்துச்சு. சுரண்டி எடுத்தாரு. அத்தோட விட்டாரா? கடகடன்னு தேங்காய் எண்ணெயை ஊத்தினாரு! சக்கரம் கிறுகிறுன்னு உருளுது, தட்டு அசையல. வீடு முழுக்க எண்ணெய்ப் பிசுக்குதான் மிச்சம்.

அப்புறம் அவருக்கு ஒரு யோசனை. "தட்டு சுத்தலைன்னா என்ன, நான் சுத்துறேன்"னு பால் கப்பைக் கையில ஏந்திக்கிட்டு கட்டிலைச் சுத்தி நடந்தாரு. ஒரு சுத்து, ரெண்டு சுத்து, மூணு சுத்து. ஆவுடையம்மாவுக்குச் சிரிப்பு வந்துச்சு. அழுகையும் வந்துச்சு. தூக்கம்தான் வரல. இவரு கண்ணும் கோவைப்பழமா சிவந்து போச்சு. என்னால இந்த மனுஷனும் தூங்காம சாகுறாரேன்னு அந்தம்மாவுக்கு மனசு அடிச்சுக்கிச்சு.

ம்... ம்.

தூங்காதே, இன்னும் கொஞ்சம்தான். மூணாம் நாள் மத்தியானம், மறுபடி பாலை வச்சு ஓவனைப் போட்டுப் பார்த்தாரு. அப்போ கட்டில்ல இருந்தே ஆவுடையம்மா மூக்கை உறிஞ்சினாங்க.

"ஏங்க, பால் வாசனையோட சந்தன வாசனை வருதே?"

"உள்ளயும் வச்சேன்ல."

"உள்ளன்னா எங்க வச்சீங்க?"

"தட்டைத் தூக்கிட்டு, நடுவுல ஒரு குமிழ் இருக்குல்ல, அதைச் சுத்தி அப்பினேன். அதுதானே நெஞ்சு மாதிரி!"

"எவ்வளவு அப்பினீங்க?"

பிச்சாண்டி ரெண்டு கையையும் சேர்த்துக் குவிச்சுக் காட்டினாரு. தட்டைச் சுத்தி விடுறதே அந்தக் குமிழ்தான். அதுக்கு அடியில சந்தனம் இறங்கி, சுண்ணாம்பு மாதிரி கெட்டிப்பட்டு, அதை ஓவன் தரையோட சேர்த்துப் பிடிச்சிருக்கு. பூஜைச் சந்தனமாச்சேன்னு இத்தனை நாளும் அவரு அதைத் தொடல.

"நீங்க அன்பு வச்சா அது அசையவா முடியும்!"னாங்க ஆவுடையம்மா. ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

முதல்ல பிளக்கைப் பிடுங்கினாரு. வெந்நீர்ல துணியை நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு, குமிழ் மேல போட்டாரு. அவசரப்படாம உக்காந்திருந்தாரு. ஆயுசுலயே முதல் தடவையா ஒரு வேலையைக் கொஞ்சமா செஞ்சாரு. அப்புறம் பழைய பல் துலக்குற பிரஷ்ஷால சரக், சரக், சரக். குமிழ் "பொளக்"னு கையோட வந்துச்சு. அடியில இருந்த சந்தனத்தையெல்லாம் வழிச்சு எடுத்து, ஈரம் போகத் துடைச்சு, திரும்பி மாட்டினாரு. வளையம், தட்டு, கப்பு. பிளக்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டாரு.

ம்ம்ம்ம்...

கப்போட காது மெதுவா அந்தப் பக்கம் போச்சு. மெதுவா இந்தப் பக்கம் வந்துச்சு.

"ஆவுடை, சுத்துது!"

"பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

அவரு அடுப்படியில ஸ்டூலைப் போட்டு உக்காந்து, மேடையில கையை ஊன்றி, அவரும் பார்த்தாரு. மஞ்சள் வெளிச்சம். சுத்துது, சுத்துது. இந்தம்மாவுக்குக் கண்ணு கிறங்குச்சு. திரும்பிப் பார்த்தா, அவரு மேடையிலயே தலையைச் சாய்ச்சுத் தூங்கிட்டாரு! குழந்தை மாதிரி வாயைத் திறந்துக்கிட்டு.

அப்போ பால் சூடாகி முடிஞ்சுது. பீப்! பீப்! பீப்!

அந்த ஓவன் பொல்லாதது. கதவைத் திறக்கிற வரைக்கும் விட்டு விட்டுக் கத்தும். பிச்சாண்டி தூக்கத்துல முகத்தைச் சுளிச்சாரு. இன்னொரு தடவை கத்தினா முழிச்சிருவாரு. கூப்பிட்டாலும் முழிச்சிருவாரு. தனக்காக மூணு நாளா கண்ணை மூடாத மனுஷன்.

ஆவுடையம்மா காலைக் கீழே வச்சாங்க. தரை சில்லுன்னு இருந்துச்சு. சுவத்தைப் பிடிச்சாங்க. ஒரு அடி. அப்புறம் ஒரு அடி. சுவரு முடிஞ்சு போச்சு, பிடிக்க ஒண்ணும் இல்ல. பயந்தான். ஆனா அது மறுபடி கத்திருமே! கையை வீசிக்கிட்டு இன்னும் ரெண்டு அடி. கதவை "டக்"னு திறந்துட்டாங்க.

சத்தம் நின்னு போச்சு. அவரு தலையைக்கூட அசைக்கல.

அப்புறந்தான் ஆவுடையம்மா குனிஞ்சு தன் காலைப் பார்த்தாங்க. ரெண்டும் தரையில நல்லா ஊன்றி நிக்குது. எவ்வளவு நேரம் அப்படியே நின்னாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.

கதவைத் திறந்ததும் ஓவன் வாயை மூடிருச்சு. பிச்சாண்டி வாயைத் திறந்து குறட்டை விடுறாரு. பெரியம்மாவும் வாயை மூடிக்கிறேன். நீ கண்ணை மூடிக்கோ தங்கம், கதை தூங்கப் போயிருச்சு.