மித்ரர் கண்ட சலவைக்காரி ஆவிதா

தன்யூப் ஆற்றங்கரையில் ரோமப் படையின் கோட்டை ஒன்று இருந்தது. அதன் வாசலுக்கு வெளியே, நாற்றம் உள்ளே வராத தூரத்தில், சலவைத் தொட்டி. அந்நாளில் துணி வெளுக்கச் சவர்க்காரம் ஏது? புளிக்க வைத்த சிறுநீர்தான். ஐந்நூறு வீரர்களின் சட்டைகளை அதில் போட்டு, முழங்கால்வரை இறங்கி மிதித்து மிதித்து அழுக்கெடுத்தவர் ஆவிதா அம்மையார். அடிமையாய் இருந்து விடுதலை பெற்றவர். மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் அவர் வாயில் ஒரே பெயர்தான்: மித்ரர். பாறையிலிருந்து பிறந்தவர், காளையை வென்று உலகுக்கு உயிர் கொடுத்தவர், ஒளியின் கடவுள்.

"பாறையில பொறந்தவரே, ஒரே ஒரு தடவை உங்க முகத்தைப் பாத்துட்டேன்னா போதும்." இதுதான் அவருடைய வழிபாடு. வேறு மந்திரம் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மித்ரரின் கோயில் பாதி மண்ணுக்குள் தோண்டிக் கட்டிய குகை. ஜன்னல் கிடையாது. பெண்களுக்கும் அனுமதி கிடையாது. ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள். வழக்கத்தை யார் போட்டது என்று கேட்டால் முறைப்புதான் வரும். ஆவிதாவின் கணவர் அந்தக் கோயிலின் அடியார் கூட்டத்தில் ஒருவர். சாகக் கிடந்தபோதுகூட, "சாமி எப்படிங்க இருப்பாரு?" என்று கேட்ட மனைவியிடம், "சத்தியம் பண்ணியிருக்கேன், கேக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

ஆவிதா அதற்கெல்லாம் அசரவில்லை. குகைக்குள் அடியார்கள் உண்ணும் விருந்துக்கு விரிக்கும் துணிகளைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாமல் ஊற்றுநீரில் கையாலேயே கசக்கி, வெயிலில் உலர்த்தி, குகை வாசலில் கொடுத்துவந்தார். பனி பெய்தால் தாழ்ந்த கூரைமேல் ஏறி அதைத் தள்ளிவிடுவார். உருகிச் சொட்டினால் கடவுள் நனைவாரே என்ற கவலை. அதைச் செய்யும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வாசலில் துணி வாங்குபவன் ரூஃபஸ். கூட்டத்தின் ஏழு படிகளில் கடைசிப் படிக்குக் காக்கை என்று பெயர். பரிமாறுவது காக்கையின் வேலை. அவனுக்குக் கீழே யாருமில்லை, ஆவிதாவைத் தவிர.

"ஆவிதாக்கா, உன் வாசனை உனக்கு முன்னாடி வந்து கதவைத் தட்டுது."

"பரவால்ல தம்பி. அதாச்சும் உள்ள போகுதே" என்று சிரித்துவிட்டுப் போவார் அம்மையார்.

குளிர்காலத்தில் பகல் மறுபடி நீளத் தொடங்கும் திருநாள் வந்தது. உச்சிப் பொழுது. முப்பத்தோரு அடியார்கள் இருபுறத்து மேடைகளிலும் சாய்ந்து, கோழிக்கறியும் ரொட்டியும் உண்டுகொண்டிருந்தார்கள். மேலே ஆவிதா மரத்துடுப்பால் பனியைத் தள்ளினார். உளுத்த பலகை ஒன்று முறிந்தது. அவருடைய வலதுகால் தொடைவரை உள்ளே இறங்கிவிட்டது. விதானத்தில் வரைந்திருந்த நட்சத்திரங்கள் காரையோடு பெயர்ந்து குழம்பில் விழுந்தன.

"தந்தையே, வானத்துலேருந்து ஒரு காலு" என்றான் ரூஃபஸ்.

தந்தை என்பது தலைவரின் பட்டம். படையில் நூறு வீரர்களுக்குத் தலைவரான சில்வானஸ் அப்போது அந்தப் பட்டத்தில் இருந்தார். "யாரோட காலு?"

"வாசனையைப் பாத்தா ஆவிதாக்கா மாதிரி இருக்கு."

சிறுநீர்த் தொட்டியில் மிதித்த கால், கடவுளின் தலைக்கு மேலே. சவுக்கடி நிச்சயம். அம்மையார் அதற்கு அஞ்சவில்லை. இனி நம் கையிலிருந்து துணி வாங்க மாட்டார்களே என்பதுதான் கவலை. காலை உருவிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க ஓட்டையில் முகத்தை வைத்தார்.

"ஐயா, மன்னிச்சிருங்க, பலகை உளுத்துப்போயி..."

அவர் தோளைத் தாண்டி விழுந்த வெயிலில் மித்ரர் இருந்தார். சிவந்த போர்வை, காளையின் முதுகில் ஊன்றிய முழங்கால், கையில் குத்துவாள். ஆனால் கடவுள் காளையைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலே தலையைத் திருப்பி அண்ணாந்திருந்தார். மேடைகளில் எங்கே சாய்ந்தாலும் அந்தக் கண்கள் யாரையும் பார்த்ததில்லை. இப்போது அவை ஓட்டையை நேராகப் பார்த்தன.

"என்னையே பாக்குறாரு" என்றார் ஆவிதா.

சில்வானஸ் கோபமாகத்தான் எழுந்து வந்தார். சிலையின் அருகில் நின்று, கடவுளின் பார்வை போகும் திசையில் கழுத்தைத் திருப்பினார். அங்கே தலைமயிரில் பனி ஒட்டிய ஒரு சலவைக்காரியின் முகம். கோபம் எங்கே போயிற்றோ, சிரிப்பு வந்தது.

"பதினெட்டு வருஷமா இவரு யாரைப் பாக்குறாருன்னு நமக்குள்ள சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். சூரியனைன்னு சொன்னேன் நான்."

"பலகையை அடைச்சிரட்டுமா?" என்றான் ரூஃபஸ்.

"தொட்டேன்னா கையை ஒடிச்சிருவேன். அம்மாவுக்கு ஒரு தட்டு மேல அனுப்பு. நல்ல தொடையா பாத்து வை."

நீண்ட கம்பில் கூடை கட்டிக் காக்கையே பரிமாறினான். அந்த ஓட்டைக்குக் கல்லால் சட்டம் வைத்தார்கள். பிறகு எந்த விருந்திலும் ஆவிதா அம்மையாருக்குக் கூரைமேல் இடம் இருந்தது. உப்புக் குறைந்தால் முதல் குரல் அங்கிருந்துதான் வரும்.

காலம் போயிற்று. குகை இடிந்தது, மண் மூடியது. வெகுகாலம் கழித்துத் தோண்டியவர்களுக்குச் சிலையும் கோழி எலும்புகளும் அடியார் பெயர் பொறித்த செப்புத்தகடும் கிடைத்தன. தகட்டில் முப்பத்தோரு பெயர்கள், எல்லாம் ஆண்கள். கல்சட்டத்தையும் கண்டெடுத்தார்கள். வெயில் வருவதற்காக வைத்தது என்று அறிஞர்கள் எழுதினார்கள். எழுதட்டும். தொட்டியில் மிதித்து, கடவுளின் வானத்துக்குள்ளேயே இறங்கிய அந்தக் காலுக்கு நம் வணக்கம்.